தினமும் காலையில் மூட்டை கட்டச் சொன்ன மனிதர்

ஜூன் 2

ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: “எங்கள் அலுவலகத்தில் தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் வகுப்பு. ஷாக்கிள்டன் கதை சொன்னார்கள். கப்பல் பனியில் நொறுங்கி, ஆட்கள் நடுக்கடலில் மாட்டி, ஒருவரைக்கூட இழக்காமல் எல்லோரையும் மீட்டாராம். அவரைவிடப் பெரிய தலைவர் உண்டா?”

உண்டு என்பது என் கட்சி. அவரும் அதே கதையில்தான் இருக்கிறார்.

தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்க ஷாக்கிள்டன் கொண்டுபோன எண்டியூரன்ஸ் கப்பல் 1914 டிசம்பர் 5 அன்று தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து கிளம்பியது. 28 பேர். ஜனவரியில் அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடலின் பனிக்குள் சிக்கியது. பத்து மாதம் பனியோடு பனியாக மிதந்தது. 1915 அக்டோபர் 27 அன்று கப்பலைக் கைவிட்டார்கள், நவம்பர் 21 அன்று அது மூழ்கியது. அப்புறம் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் போட்டு ஐந்து மாதத்துக்கு மேல். பாளம் உடைந்ததும் மூன்று படகுகளில் ஏறி எலிஃபன்ட் தீவு. அங்கிருந்து ஷாக்கிள்டனும் ஐந்து பேரும் 22 அடி சொச்சம் நீளமுள்ள ஒரு படகில் கிட்டத்தட்ட 1,500 கி.மீ. கடலைக் கடந்து, தெற்கு ஜார்ஜியா மலைகளையும் ஏறி இறங்கி உதவி கேட்டார்கள். 1916 ஆகஸ்ட் 30 அன்று தீவில் மிச்சமிருந்த 22 பேரும் மீட்கப்பட்டார்கள்.

எல்லோரும் அந்த 1,500 கி.மீ. பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த 22 பேர்தான் விஷயம். 137 நாள் அவர்களைக் கட்டி மேய்த்தவர் பெயர் ஃபிராங்க் வைல்டு.

ஜூன் 2, இரவு

அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். “ஒருவரைக்கூட இழக்கவில்லை” என்பதே முழு உண்மை இல்லை.

அதே பயணத்துக்கு இரண்டாவது அணி ஒன்று இருந்தது. ஷாக்கிள்டன் கண்டத்தைக் குறுக்கே கடந்து வரும்போது தின்பதற்கு எதிர்க்கரையில், ராஸ் கடல் பக்கம், வழியெல்லாம் உணவை வைத்துவிட்டு வர வேண்டியது அவர்கள் வேலை. 1915 மே மாதம் புயலில் அவர்களுடைய அரோரா கப்பல் நங்கூரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பத்து பேர் கரையில். துணிமணி, எரிபொருள், சாப்பாடு பெரும்பாலும் கப்பலில். பழைய கூடாரத் துணியில் கால்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு வீங்க வீங்க வண்டி இழுத்து, சொன்ன இடம் வரை உணவை வைத்துவிட்டார்கள். அதற்கு எத்தனையோ வாரம் முன்பே எண்டியூரன்ஸ் கடலுக்கடியில். வரவே போவதில்லை என்று ஆகிவிட்ட ஒருவருக்கு வைத்த சாப்பாடு அது.

மூன்று பேர் செத்தார்கள். ஸ்பென்சர்-ஸ்மித் திரும்பும் வழியில் வண்டியிலேயே. தலைவர் மக்கின்டாஷும் ஹேவர்டும், மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லியும், புதிதாக உறைந்த கடல்மேல் நடந்து கிளம்பினார்கள். அன்றைக்கே புயல். உடல்கூடக் கிடைக்கவில்லை.

மிச்சம் ஏழு பேரில் ஒருவர் எர்னஸ்ட் வைல்டு. ஃபிராங்க் வைல்டின் தம்பி. அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம், நடுவில் ஒரு கண்டம். 1916 குளிர்காலத்தில் இரண்டு பேரும் சீல் கொழுப்பு விளக்கின் புகையில் இருமிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கதி மற்றவருக்குத் தெரியாமல். வகுப்பில் இதை எடுப்பதில்லை. ஸ்லைடில் இடம் இல்லை போலும்.

ஜூன் 3

இன்னொருவர் அந்தப் புகழ்பெற்ற விளம்பரத்தைத் தட்டி அனுப்பியிருக்கிறார். “ஆபத்தான பயணத்துக்கு ஆட்கள் தேவை, சம்பளம் குறைவு” வகையறா. நல்ல வாசகம்தான். ஆனால் அது அச்சான பத்திரிகைப் பிரதியை இதுவரை யாராலும் காட்ட முடியவில்லை. தேடியவர்கள் பரிசே அறிவித்துத் தேடினார்கள். எடுத்துவிடுங்கள் ஐயா.

ஜூன் 4

நேற்று முன்தினம் 137 என்று எழுதினேன். அது எல்லோரும் தீவில் காலை வைத்த ஏப்ரல் 15 முதல் கணக்கு. ஷாக்கிள்டன் கிளம்பியது ஏப்ரல் 24. ஆக வைல்டு பொறுப்பில் இருந்தது 128 நாள். கணக்குப் பார்த்துச் சொன்ன புண்ணியவானுக்கு நன்றி.

சரி, அந்த 128 நாளுக்கு வருவோம்.

இரண்டு படகுகளைக் கவிழ்த்து, கீழே கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, அதற்குள் 22 பேர். நிமிர்ந்து நிற்க முடியாது. மேலே படகின் குறுக்குச் சட்டங்களில் சிலர் படுக்கை, மற்றவர்கள் தரையில். தரை என்றால் கூழாங்கல்லும் பெங்குவின் எச்சமும், உடம்புச் சூட்டில் அது இளகி வேறு வரும். வெளிச்சத்துக்குக் கொழுப்பு விளக்கு. எல்லோர் முகத்திலும் கரி.

அதில் கால் அழுகிக்கொண்டிருந்த ஒரு பையன், பிளாக்பரோ. புவனஸ் ஐரிஸில் திருட்டுத்தனமாகக் கப்பல் ஏறியவன், கூட்டத்திலேயே சின்னவன். ஜூன் 15 அன்று அந்தக் கொட்டிலுக்குள்ளேயே அவன் இடது கால் விரல்களை வெட்டினார்கள். மருத்துவர்கள் இரண்டு பேர்: மக்லின் குளோரோஃபார்ம் கொடுக்க, மக்கில்ராய் வெட்டினார். குளோரோஃபார்ம் ஆவியாக வேண்டுமானால் அறை சூடாக வேண்டும். பெங்குவின் தோலை அடுப்பில் திணித்துத் திணித்துச் சூடாக்கினார்கள். வைல்டு பக்கத்திலேயே இருந்து கண்ணைத் திருப்பாமல் பார்த்தார்.

தினமும் காலையில் வைல்டு சொன்னது ஒன்றுதான்: படுக்கையைச் சுருட்டுங்கப்பா, பாஸ் இன்றைக்கு வந்தாலும் வருவார். நூறு நாளைக்கு மேல் இதையே சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் நம்புவார்கள். மூன்றாம் வாரம் சிரிப்பார்கள். இரண்டாம் மாதம் முறைப்பார்கள். அதற்கப்புறமும் சொல்ல வேண்டும், அவர்களும் சுருட்ட வேண்டும். அவர்கள் சுருட்டினார்கள்.

ஜூன் 4, பிறகு

இது ஏன் என்னைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஒப்பீடு இல்லை. எங்களுக்குப் பனியும் இல்லை, சாவும் இல்லை.

நான் கப்பலில் மூன்றாவது இன்ஜினியராக இருந்தவன். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே எங்கள் சின்ன சரக்குக் கப்பல் ஐந்து மாதம் நங்கூரத்தில் கிடந்தது. முதலாளி சம்பளத்தை நிறுத்தினார், அப்புறம் டீசலை, அப்புறம் போனை எடுப்பதை. 17 பேர். கரையின் விளக்குகள் இரவில் தெரியும், போக முடியாது. முதல் மாதமே கேப்டன் உடம்பு சரியில்லை என்று இறங்கிவிட்டார். மிச்சம் சீஃப் ஆஃபீசர்.

ஜெனரேட்டர் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். ஃப்ரீசர் போனது. அரிசி, பருப்பு, தூண்டில் போட்டுப் பிடித்த மீன். குடிக்க ஆளுக்கு அளந்த தண்ணீர். கோடைக்காலம், இரும்பு டெக்கில் வெறுங்கால் வைக்க முடியாது.

அந்தச் சீஃப் ஆஃபீசர் தினமும் எட்டு மணிக்கு மெஸ் ரூம் பலகையில் வேலைப் பட்டியல் எழுதுவார். துருச் சுரண்டு, வின்ச்சுக்கு கிரீஸ் போடு, லைஃப் போட்டைக் கழுவு. ஸ்கிராப்புக்குப் போகப்போகிற கப்பலுக்கு யாராவது துரு சுரண்டுவார்களா? மாலுமிகளுக்கு மேஸ்திரியான போசன் அவர் காதுபடவே திட்டுவார். ஆனாலும் போய்ச் சுரண்டுவார். பட்டியல் எழுதாத ஒரே நாள் அவருக்குக் காய்ச்சல் வந்த நாள். அன்றைக்குத்தான் இரண்டு ஏபிகள் (டெக் மாலுமிகள்) ஒரு சோப்புக் கட்டிக்காக அடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 6

“வைல்டு செய்தது ஏமாற்று வேலைதானே, வருவார் வருவார் என்று பொய் நம்பிக்கை” என்று ஒருவர். நல்ல கேள்வி. ஆர்ட்-லீஸ் கேட்டதும் இதேதான்.

ஆர்ட்-லீஸ் என்பவர் கடற்படைச் சிப்பாய்ப் பிரிவிலிருந்து மோட்டார் வண்டி பார்க்க வந்தவர். ஸ்டோர் கணக்கு அவர் கையில். பெங்குவின் வரும்போதே நிறைய அடித்துச் சேர்த்து வைப்போம் என்று ஓயாமல் சொன்னார். வைல்டு ஒத்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் சேர்த்து வைத்தால், மாதக்கணக்கில் இங்கேதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பது அவர் பயம். இந்தப் பாடம் பாஸிடம் கற்றதுதான். பனிப்பாளத்தில் இருந்தபோது ஷாக்கிள்டனும் சீல் இறைச்சி சேர்ப்பதை இதே காரணத்துக்காகத் தடுத்தார், அப்போதும் ஆர்ட்-லீஸ்தான் முணுமுணுத்தார்.

அந்த ஆளை யாருக்கும் பிடிக்காது. குறட்டை, கஞ்சத்தனம், தனக்கென்று கொஞ்சம் பதுக்கல். முதல்முறை படித்தபோது எனக்கும் எரிச்சல்தான்.

ஜூன் 7

இல்லை, நேற்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் எலிஃபன்ட் தீவில் என்ன ஆனது? பெங்குவின் வரத்து குறைந்தது, சீல் தட்டுப்பாடு. முன்பு தூக்கியெறிந்த சீல் எலும்பைத் தோண்டி எடுத்துக் கடல் தண்ணீரில் வேகவைத்தார்கள். கடல்பாசி தின்றார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் சின்னச் சிப்பிகளைப் பொறுக்கினார்கள். ஆக, கணக்குப்பிள்ளை சொன்னதுதான் நடந்தது. இன்னும் மூன்று வாரம் தாமதித்திருந்தால் இன்றைக்கு வகுப்பில் வைல்டின் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று யோசியுங்கள்.

ஆனாலும் வைல்டு தன் பொய்யில் தானே விழுந்தவர் இல்லை. பாஸ் வராவிட்டால் மிச்சப் படகில், திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வரும் டிசெப்ஷன் தீவுக்குக் கிளம்புவது என்று மனதுக்குள் தனியாகத் திட்டம் வைத்திருந்தார். வெளியே “இன்றைக்கு வருவார்”, உள்ளே “வரமாட்டார் என்றால்?” இந்த இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு தூங்குவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஆர்ட்-லீஸுக்குப் பரிந்து பேசுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 7

“பூனையை ஏன் சொல்லவில்லை?” என்று மூன்று பேர். வரும் என்று தெரியும்.

தச்சர் மக்நிஷின் பூனை, பெயர் மிஸஸ் சிப்பி, ஆனால் ஆண். கப்பலைக் கைவிட்டதும் ஷாக்கிள்டன் உத்தரவில் சுட்டார்கள், நாய்க்குட்டிகளோடு சேர்த்து. மக்நிஷ் அதை மறக்கவில்லை. டிசம்பரில் வண்டி இழுக்க மாட்டேன், கப்பலே போன பிறகு ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று நின்றுவிட்டார். கப்பல்காரனாகச் சொல்கிறேன், கேள்வியில் நியாயம் உண்டு. ஷாக்கிள்டன் எல்லோரையும் கூட்டி, சம்பளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கரை சேரும்வரை என் சொல்லே சட்டம் என்று ஒப்பந்தத்தை வாசித்து அடக்கினார். எங்கள் முதலாளியும் சம்பளம் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் சொன்னார்.

அந்த மக்நிஷ்தான் பிறகு சின்னப் படகின் விளிம்பை உயர்த்தி, பெட்டிப் பலகையும் கித்தானும் கொண்டு மேல்தளம் போட்டு, இடுக்குகளை விளக்குத் திரியாலும் ஓவியரின் எண்ணெய் வண்ணத்தாலும் சீல் ரத்தத்தாலும் அடைத்தவர். அந்த வேலை இல்லாவிட்டால் 1,500 கி.மீ. கதையே கிடையாது. ஷாக்கிள்டன் அவரைத் தன் படகிலேயே ஏற்றிக்கொண்டார். தச்சர் தேவை என்பது ஒரு காரணம். வம்பு பிடித்த ஆளைத் தீவில் வைல்டின் தலையில் கட்ட வேண்டாம் என்பது இன்னொன்று. இதைத்தான் நான் பெரிய குணம் என்பேன். திரும்பி வந்ததும் போலார் பதக்கம் மட்டும் அவருக்குக் கிடைக்காமல் செய்ததை என்னவென்று சொல்ல? அற்பத்தனம்.

பூனை இருந்த இன்னொரு கப்பலும் உண்டு. வடதுருவப் பக்கம் கார்லுக் என்ற ஆய்வுப் பயணக் கப்பல் 1914 ஜனவரியில் மூழ்கியது. தலைவர் ஸ்டெஃபான்சன் முந்தைய செப்டம்பரிலேயே மான் வேட்டைக்கு என்று இறங்கிப்போனவர், திரும்பவே இல்லை. கேப்டன் பார்ட்லெட் ஆட்களைப் பனிமேல் நடத்தி ரேங்கல் தீவுக்குப் போகவைத்து, கட்டக்டோவிக் என்ற இனுபியாட் இளைஞரோடு சைபீரியாவரை நடந்துபோய் உதவி கொண்டுவந்தார். 25 பேரில் 11 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் இனுபியாட் குடும்பம் ஒன்று, இரண்டு சிறுமிகளோடு. பூனையும் பிழைத்தது. பூனை ஆர்வலர்கள் பார்ட்லெட் கட்சியில் சேரலாம்.

ஜூன் 9

சாப்பிட்டுக்கொண்டு படிக்காதீர்கள்.

எலிஃபன்ட் தீவுக் கொட்டிலில் இரவில் வெளியே போகாமல் இருக்க ஒரு பெட்ரோல் டின் வைத்தார்கள். விதி: யார் போகும்போது விளிம்புக்கு இரண்டு அங்குலம் வரை நிரம்புகிறதோ, அவர் பனிப்புயலில் வெளியே போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். விளைவு, 22 பேரும் இருட்டில் படுத்துக்கொண்டே டின்னின் ஓசையை வைத்து மட்டம் கணிக்கும் நிபுணர்கள் ஆனார்கள். ஓசை மேலே ஏறிவிட்டதா, அடக்கிக்கொண்டு புரண்டு படு, அடுத்த ஏமாளி எழுந்திருக்கட்டும்.

சனிக்கிழமை விருந்து: அடுப்பு எரிக்கும் ஸ்பிரிட்டில் வெந்நீர், சர்க்கரை, இஞ்சி. பெயர் “குடல் அழுகல் 1916”. ஹஸ்ஸி பாஞ்சோ வாசிப்பார். பனியில் ஆளுக்கு இரண்டு பவுண்டு சாமான்தான் என்று தங்கக் காசையே வீசிய ஷாக்கிள்டன், அந்த வாத்தியத்தை மட்டும் விடவில்லை.

ஓவியர் மார்ஸ்டனிடம் ஒரு சமையல் புத்தகம். ராத்திரிக்கு ஒரு குறிப்பு வாசித்து, இதில் வெண்ணெய் போதுமா என்று அரை மணி நேரம் சண்டை. எங்கள் கப்பலில் புத்தகம் இல்லை. தூத்துக்குடி ஏபி ஒருவர் தினமும் ராத்திரி விருதுநகர் பொரிச்ச பரோட்டாவை வாயாலேயே போடுவார், எண்ணெயில் போட்டு எடுத்துச் சால்னா ஊற்றும்வரை. ஒரு ரத்னகிரி பையன் மொழி புரியாமலே எச்சில் விழுங்குவான்.

ஜூன் 12

“ஷாக்கிள்டனிடம் மேலதிகாரி, கூலிக்காரன் பேதம் கிடையாது, அதுதான் ரகசியம்” என்று எழுதியவருக்கு.

பெரும்பாலும் சரி. 18 ரோமத் தூக்கப்பைகள்தான் இருந்தன, மிச்சம் கம்பளி. சீட்டுக் குலுக்கினார்கள், விநோதமாகப் பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் கம்பளி விழுந்தது. குலுக்கலில் தில்லுமுல்லு என்று மாலுமிகளுக்கே தெரிந்துவிட்டது. நல்ல தில்லுமுல்லு.

ஆனால் நேர்மாறாக ஒன்று. ராபர்ட் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் கேம்ப்பெல் தலைமையில் ஆறு பேர் 1912 குளிர்காலத்தில் சொல்லொணாத் தீவில் மாட்டினார்கள் (பெயரே அதுதான்). கப்பல் அழைத்துப்போக வரவில்லை. பனியைக் குடைந்து ஒரு குகை. மூன்று அதிகாரிகள், மூன்று மாலுமிகள். கேம்ப்பெல் குகைத் தரையில் ஒரு கோடு கிழித்தார்: இந்தப் பக்கம் எங்களது, அந்தப் பக்கம் உங்களது. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் காதில் விழாததாகக் கருதப்படும். கைக்கெட்டும் தூரத்தில்!

படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். என்ன வெள்ளைக்காரத் திமிர் என்று. ஆனால் ஆறு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள், வயிற்றுப்போக்கோடு முந்நூறு கி.மீ.க்கு மேல் நடந்து முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம் யோசித்தேன். எங்கள் கப்பலில் டீசல் மிச்சம் பிடிக்க அதிகாரிகள் மெஸ்ஸை மூடி, எல்லோரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடலாம் என்றார் சீஃப் ஆஃபீசர். எங்களுக்குப் பெருமையாக இருந்தது, சமத்துவம் வந்துவிட்டதே என்று. நாலே நாளில் போசன் வந்து சொன்னார்: “சாப், உங்களைத் திட்டுவதற்கு எங்களுக்கு ஒரு இடம் வேண்டும்.” மறுநாள் மெஸ் மீண்டும் இரண்டாயிற்று. கேம்ப்பெல் கிழித்த கோடு இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. மாலுமிகளுக்கு அது சுவர். அதற்குப் பின்னால் நின்று திட்டலாம்.

ஜூன் 13

வைல்டுக்கு ஷாக்கிள்டன்மேல் அவ்வளவு விசுவாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு: ஒரு பிஸ்கட்.

1909 ஜனவரி. முந்தைய பயணத்தில் தென்துருவத்துக்கு 97 மைல் பாக்கி இருக்கையில் ஷாக்கிள்டன் திரும்பினார், போனால் திரும்பி வர முடியாது என்பதால். வரும் வழியில் நான்கு பேரும் பட்டினி, வைல்டுக்கு வயிறு கெட்டிருந்தது. ஷாக்கிள்டன் தன் பங்குக் காலை பிஸ்கட்டை அவர் கையில் திணித்தார். வலுக்கட்டாயமாகத்தான் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்தாலும் அந்த ஒரு பிஸ்கட் கிடைத்திருக்காது என்று வைல்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதற்கு ஏழு வருடம் கழித்துத்தான் அந்தத் தீவு.

ஜூன் 15

மீட்புக் கப்பல் வந்த நாளைக் கேட்டவருக்கு. ஆகஸ்ட் 30, மதியச் சாப்பாட்டு நேரம். சீல் முதுகெலும்புக் குழம்பு. வெளியே இருந்த மார்ஸ்டன் தலையை நீட்டிக் கப்பல் தெரிகிறது என்றார். வாசல் துணியைக் கிழித்துக்கொண்டு எல்லோரும் வெளியே. கொடிக்கம்பத்தில் கயிறு உறைந்து சிக்கி, மக்லின் தன் ஸ்வெட்டரைக் கட்டி பாதிவரைதான் ஏற்ற முடிந்தது. வைல்டு கடைசியாகச் சேமித்து வைத்திருந்த பாரஃபின் டின்னைக் கோடாலியால் குத்தி, கோட்டு, கையுறை, காலுறை என்று கிடைத்ததன்மேல் ஊற்றிக் கொளுத்தினார். சிலியின் சின்னக் கப்பல் யெல்ச்சோ, கேப்டன் லூயிஸ் பார்டோ. ஷாக்கிள்டனின் நான்காவது முயற்சி அது. படகிலிருந்து அவர் எல்லோரும் நலமா என்று கத்த, எல்லோரும் நலம் பாஸ் என்று வைல்டு திருப்பிக் கத்தினார். ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கப்பலில்.

ஆக, சேமிக்காத மனிதரும் ஒரு டின்னை ஒதுக்கித்தான் வைத்திருந்தார்.

ஜூன் 15, இரவு

“பிறகு சொல்கிறேன் என்றீர்களே” என்று விடாமல் கேட்கிறார் அந்த நண்பர்.

இரண்டு மில்க்மெய்ட் டின். நாங்கள் மாட்டிய இரண்டாவது வாரம், ஸ்டோரிலிருந்து எடுத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டர் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். ஸ்டோர் கணக்கு பண்டாரியுடையது, அதாவது கப்பல் சமையல்காரருடையது. அறுபதை நெருங்கிய மனிதர், சாச்சா என்போம். ஞாயிறுதோறும் மெஸ்ஸில் நின்று, அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, பால் டின் இத்தனை என்று சத்தமாக வாசிப்பார். என் இரண்டு டின்னையும் சேர்த்தே வாசிப்பார். ஐந்து மாதமும். ஒருமுறைகூட என் பக்கம் பார்த்ததில்லை.

ஒரு டின்னை நான்காவது மாதம் ஒரு ராத்திரி குடித்தேன். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு ஓட்டை போட்டு, ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, டீசல் வாசனையோடு. காலி டின்னைக் கடலில் போட்டேன். அடுத்த ஞாயிறு சாச்சா ஒன்று குறைத்து வாசித்தார்.

இன்னொரு டின் அங்கேயே இருந்தது. நாங்கள் இறங்கிய அன்றைக்கு எடுக்க மறந்துவிட்டேன், கப்பலோடு ஸ்கிராப்புக்குப் போயிருக்கும்.